காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் அறைக்குத் தேநீர் வரும். அந்த நேரத்தில் அங்கே இரண்டு கைகள் நடுங்கும். ஒன்று என்னுடையது, மற்றொன்று எங்கள் ஓவிய ஆசிரியருடையது. தம்ளரை மேசையிலிருந்து எடுத்து வாயருகே கொண்டுபோவதற்குள் என் கை ஆடித் தேநீர் தளும்பிச் சட்டையில் சிந்தும். ஓவிய ஆசிரியருக்கோ, இடக்கை மடிமேல் சும்மா கிடக்கும்போதுதான் நடுங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உராய்ந்து, வைத்தியர் குளிகை உருட்டுவதைப் போல எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையாலேயே தம்ளரை வாங்கிக்கொண்டார் என்றால் நடுக்கம் போன இடம் தெரியாது. ஒரு துளியும் சிந்தாமல் குடித்து முடிப்பார்.

பார்த்தவர்கள் எல்லாரும் எனக்காகவே இரங்கினார்கள். என் நடுக்கம் பெரிது. சட்டையில் கறையாகத் தெரிவது. அவருடைய நடுக்கம் சிறிது. மேசைக்குக் கீழே மறைந்திருப்பது. இரண்டுக்கும் எங்கள் ஊரில் ஒரே பெயர்தான்: நரம்புத் தளர்ச்சி. அமுக்கராப் பொடி சாப்பிடுங்கள் என்றார் ஒருவர். தேநீரை விட்டுவிடுங்கள் என்றார் இன்னொருவர். வயது ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லித் தம் வேலையைப் பார்க்கப் போனார் மூன்றாமவர்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். இரு மாணவர்கள் ஒரு கணக்குக்கு ஒரே தவறான விடையை எழுதியிருக்கக்கூடும். ஒருவனுக்கு அந்தக் கணக்கின் விதி தெரியாது. மற்றவனுக்கு விதி தெரியும். ஆனால் கரும்பலகையில் இருந்த எண்ணையே தவறாகப் பார்த்து எழுதிவிட்டான். முதல்வனுக்குப் பாடம் வேண்டும்; இரண்டாமவனுக்குக் கண்ணாடி வேண்டும். விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் அடித்துவிடுகிற ஆசிரியர் இருவருக்கும் பயன்படமாட்டார். கை நடுக்கமும் அப்படிப்பட்ட விடைதான். அது மூளையின் எந்த இடத்திலிருந்து பிறந்தது என்று கண்டுபிடிப்பதைப் பற்றியும், அதற்கு இந்நாளில் மருத்துவர்கள் எடுக்கும் படங்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு விடுமுறை நாளில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் உடனே படம் எடுக்கச் சொல்லவில்லை. என் கையில் இரண்டு தம்ளர்களைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றியதில் பாதி மேசைக்குப் போயிற்று. பிறகு ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொன்னார். நான் வரைந்தது அரத்தின் பல்லைப் போல இருந்தது. “உங்கள் பெற்றோரில் யாருக்காவது கை நடுங்குமா, ஐயா?” என்று கேட்டார். என் தாயாருக்கு ஐம்பது வயது முதல் நடுங்கியது. எண்பத்து மூன்று வயது வரை அந்தக் கையாலேயே எங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அதைச் சொன்னேன். மருத்துவர் சிரித்தார். “இதற்குப் படம் வேண்டியதில்லை. இது இயல்நடுக்கம். குடும்பவழியாக வருவது, உயிருக்கு ஊறு செய்வதன்று” என்றார்.

ஓவிய ஆசிரியரை அவர் அப்படி எளிதில் விடவில்லை. விரல்களை விரைவாகத் தட்டச் சொன்னார். இடக்கை விரல்கள் முதல் நான்கைந்து முறை நன்றாகத் தட்டின. பிறகு வீச்சுக் குறைந்து சோர்ந்தன. நடக்கச் சொன்னார். வலக்கை முன்னும் பின்னும் வீசியது, இடக்கை வீசவில்லை. ஆனால் இரு கைகளையும் முன்னே நீட்டச் சொன்னபோது அவருக்கும் என்னைப் போலவே கை ஆடியது. அவர் தந்தையாருக்கும் நடுக்கம் இருந்ததாம். ஆகவே மருத்துவருக்கு ஐயம் ஏற்பட்டது. அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்குத்தான் படம் வேண்டும் என்றார்.

இந்த ஐயம் புதியதன்று. 1817ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் ஒக்ஸ்டன் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர், நடுக்கு நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் எழுதியது ஆறே பேரைப் பற்றி. அவர்களுள் சிலரை அவர் மருத்துவமனையில் பார்க்கவில்லை; தெருவில் நடந்து போகும்போது பார்த்தார். கண்ணால் கண்டு எழுதியதே அந்நூலின் சிறப்பு. ஓய்வில் நடுங்கும் கை, முன்புறம் வளைந்த உடல், ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றை அவர் அவ்வளவு நுட்பமாகக் குறித்தார். ஆனால் நோயின் இருப்பிடம் எது என்று சொல்ல வந்தபோது தவறிவிட்டார். கழுத்துப் பகுதியின் தண்டுவடத்தில் கோளாறு என்று எண்ணினார். இறந்தவரின் உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அவருக்கு அரை நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்னும் பேராசிரியர், ஓய்வில் வரும் நடுக்கம் வேறு, கையை ஒரு செயலில் ஈடுபடுத்தும்போது வரும் நடுக்கம் வேறு என்று மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டினார். நோயாளிகளின் தலையில் நீண்ட இறகுகளைச் சூட்டி அழைத்து வருவாராம். இறகின் ஆட்டத்தைக் கடைசி வரிசையில் இருப்பவரும் காணலாம் அன்றோ! இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரை இட்டவரும் அவரே. மூளையில் நோய் குடிகொண்டிருக்கும் இடத்தை 1919இல் திரெத்தியாக்கோஃப் என்பவர் தெளிவாகக் காட்டினார். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதி உண்டு. அதைக் கரும்பொருள் என்று சொல்வோம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அந்தக் கருமை வெளுத்துப் போயிருந்தது. அங்கிருந்த நரம்பணுக்கள் மடிந்துவிட்டன.

அவ்வணுக்கள் செய்யும் வேலை என்ன என்பது தெரிய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் நம் மூலிகையிலிருந்து எடுத்த ரெசர்ப்பின் என்னும் மருந்தை, ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோபா என்னும் பொருளை ஊசிவழியாகச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. எல்-டோபா மூளைக்குள் சென்று டோபமைன் என்னும் வேதிப்பொருளாக மாறுகிறது. உடலின் இயக்கத்தைச் சீர்ப்படுத்தும் பகுதிகளுக்குக் கரும்பொருளிலிருந்து செல்லும் செய்தி டோபமைன் வழியாகவே செல்கிறது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த எல்-டோபாவை நம் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையிலிருந்து தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் சென்னையில் பிரித்தெடுத்து 1937லேயே கட்டுரை எழுதியிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. பூனைக்காலி என்றால் மேலே பட்டால் அரிக்கும் என்பது மட்டுமே நம்மில் பலருக்குத் தெரியும்.

இனி, படத்துக்கு வருவோம். மண்டையோட்டுக்குள் இருக்கும் டோபமைன் நரம்பு உயிரோடு இருக்கிறதா, மடிந்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்ப்பது எப்படி? இங்கே விஞ்ஞானிகள் செய்த தந்திரத்தை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். நரம்பின் நுனி டோபமைனை வெளியே விடுகிறது. வேலை முடிந்தபின் அதை வீணாக்காமல் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுத்துக்கொள்வதற்கு அந்நுனியில் சிறு வாயில்கள் உள்ளன. அந்த வாயிலில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளைச் செய்து, அதனோடு கதிரியக்கமுள்ள அயோடின்-123 அணுவைப் பிணைத்து, நோயாளியின் இரத்தத்தில் மிகச் சிறிய அளவு செலுத்துகிறார்கள். சில மணி நேரம் காத்திருந்தால் அப்பொருள் வாயில்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து காமாக் கதிர்களை வீசும். தலையைச் சுற்றிச் சுழலும் ஒரு கருவி அக்கதிர்களை எண்ணிப் படமாக்கும். இம்முறைக்கு ஸ்பெக்ட் என்று பெயர். வாயில்கள் மிகுதியாக இருக்கும் இடம் ஒளிரும். நரம்பு மடிந்த இடம் இருளும்.

அயோடின்-123 அணுவின் அரைவாழ்வு 13 மணி நேரம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 52 மணி நேரத்தில் அது பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகையால் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி எந்த அயோடினைக் கண்டாலும் வாரிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் முன்கூட்டியே சாதாரண அயோடினைக் கொடுத்து அதன் பசியைத் தீர்த்துவிடுவதும் உண்டு. இந்தச் சோதனைப்பொருளுக்கு ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டிலும் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டில் டெக்னீசியம் என்னும் தனிமத்தைப் பிணைத்த டிரோடாட் என்ற பொருளையும், ஃபுளூரின் பிணைத்த டோபாவைக் கொண்டு எடுக்கும் பெட் படத்தையும் சில பெருநகர மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். பொருள் வேறானாலும் கேள்வி ஒன்றுதான்: டோபமைன் நரம்பின் நுனிகள் நலமாக உள்ளனவா?

நண்பரின் படம் வந்த அன்று நானும் உடனிருந்தேன். மருத்துவர் முதலில் நலமுள்ள ஒருவரின் படத்தைத் திரையில் காட்டினார். இருண்ட புலத்தின் நடுவே, ஒன்றையொன்று நோக்கியபடி இரண்டு ஒளிரும் வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் உருண்டையான தலையும் பின்னோக்கி வளைந்த வாலும் இருந்தன. நாற்பது ஆண்டுகளாகக் கட்டுரைத் தாள்களில் திருத்திப் பழகிய எனக்கு அந்த வடிவம் தெரியாமல் போகுமா? காற்புள்ளி! “ஆம், நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்” என்றார் மருத்துவர். பின்பு நண்பரின் படத்தைக் காட்டினார். மூளையின் இடப்பக்கத்தில் காற்புள்ளி சற்று மங்கலாக, ஆனால் வாலோடு இருந்தது. வலப்பக்கத்தில் வால் இல்லை. தலை மட்டும் எஞ்சி, முற்றுப்புள்ளி ஆகிவிட்டிருந்தது. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பாதியை ஆள்கிறது. நடுங்கியதும் நடையில் வீசாததும் அவருடைய இடக்கை என்பதை நினைவுகூருங்கள். நோய் முதலில் அந்த வாலையே தின்னும். தலைப்பகுதி பின்னரே குறையும்.

ஓவிய ஆசிரியர் படத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, உங்களுக்கு இன்னும் வாக்கியம் முடியவில்லை போலிருக்கிறது” என்று என்னிடம் சொன்னார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. ஆனால் அன்று மாலையே அவருக்கு எல்-டோபா கலந்த மாத்திரை தொடங்கப்பட்டது. சில வாரங்களில் இடக்கை மீண்டும் வீசத் தொடங்கியது. மடிந்த நரம்பை அம்மருந்து உயிர்ப்பிப்பதில்லை. குறைந்த டோபமைனை ஈடு செய்கிறது, அவ்வளவே. அவர் ஓய்வு பெறும் வரையில் கரும்பலகையில் கைவைத்து ஒரே இழுப்பில் வட்டம் வரைந்தார்.

நடுங்கும் கையைக் கண்டால் முற்றுப்புள்ளிதான் என்று அஞ்சவும் கூடாது. என் மனைவியின் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் தலைச்சுற்றல் வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சின்னரிசின் மாத்திரையால் தலைச்சுற்றல் நின்றது. சில வாரங்களுக்கு என்று எழுதிய அச்சீட்டைக் காட்டியே ஓராண்டுக்கு மேல் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். நாளடைவில் நடை தளர்ந்தது. முகம் உணர்ச்சியின்றி இறுகியது. இரு கைகளும் நடுங்கின. பார்க்கின்சன் நோய் என்றே எல்லாரும் எண்ணினோம். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டு காற்புள்ளிகளும் வாலோடு முழுமையாக இருந்தன. டோபமைன் நரம்பில் குறையில்லை. அது அனுப்பும் செய்தியை வாங்கிக்கொள்ளும் எதிர்ப்பக்கத்துக் கதவை மாத்திரை அடைத்திருந்தது. கடிதம் எழுதுபவர் நலமாகத்தான் இருக்கிறார். பெறுபவர் வீட்டுக் கதவு தாழிட்டிருக்கிறது என்பது போல. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்குளோப்ரமைடும், மனநோய்க்குரிய சில மருந்துகளும் இவ்வாறு செய்யக்கூடும். மருத்துவர் அம்மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் அத்தை பழையபடி வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். வானொலியில் ஒருவர் சொன்னார் என்று யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தீங்கு விளைக்கும் மருந்துகளும் உண்டு. மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவு சொன்னபின் இந்தப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நீங்கள் எண்ணக்கூடும். அது முடியாது. டோபமைன் நரம்பு மடிந்திருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். எந்த நோயால் மடிந்தது என்பதைச் சொல்லாது. பார்க்கின்சன் நோயைப் போலவே தோன்றி, அதைவிட விரைந்து உடலை வீழ்த்தும் வேறு நோய்கள் உள்ளன. அவற்றிலும் முற்றுப்புள்ளியே தோன்றும். அங்கே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். கருவியையும் மாற்ற வேண்டும்.

டொரான்டோ நகரத்தில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி என்னும் மூவர் 1964இல் விரித்தெழுதிய நோய் ஒன்று உண்டு. அந்நோயாளி தொடக்கத்திலேயே பின்புறமாகச் சாய்ந்து விழுவார். கண்ணைக் கீழே தாழ்த்திப் பார்க்க இயலாது. ஆதலால் மாடிப்படி இறங்கும்போது படி தெரியாது. இலையில் இருக்கும் சோறு தெரியாது. எல்-டோபா அவருக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்தில் மூளையை நடுவில் நெடுக்காக வெட்டியது போலப் பார்த்தால், நடுமூளை தேய்ந்து மெலிந்திருக்கும். அதன் கீழே உள்ள பாலம் என்னும் பகுதி தேயாமல் பருத்திருக்கும். இரண்டும் சேர்ந்து, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹம்மிங் பறவையின் சிறுதலையும் நீண்ட அலகும் பருத்த உடலும் போலத் தோன்றும். அப்பறவையின் பெயரையே அந்த அடையாளத்துக்கு இட்டிருக்கிறார்கள். மற்றொரு நோயில் இதற்கு மாறாகப் பாலமே தேய்கிறது. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருவதும், சிறுநீர் அடங்காமையும் அதன் குறிகள். அதில் குறுக்குவெட்டாகப் பார்த்தால் பாலத்தில் வெண்ணிறச் சிலுவைக் கோடு தெரியலாம். ஆங்கிலேயர் புனித வெள்ளியன்று உண்ணும் சிலுவைக் கோடிட்ட ரொட்டியின் பெயரை அதற்கு வைத்தார்கள். படம் பார்க்கும் மருத்துவர்களுக்கு உணவிலும் பறவையிலும் நாட்டம் மிகுதி போலும்!

பறவை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் சாதாரண எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் குறையின்றியே இருக்கும். பிற நோய்களை விலக்குவதற்காகவே அதை எடுப்பது வழக்கம். ஆனால் வலிய காந்தம் கொண்ட 3 டெஸ்லாக் கருவியில் இரும்புச்சத்தை உணரும் முறையால் எடுத்தால், நலமுள்ளவரின் கரும்பொருளுக்குள் தகைவிலான் குருவியின் வாலைப் போலப் பிளவுபட்ட ஒரு வடிவம் தெரியும். நம் ஊர் மாணவர்கள் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் இரட்டைவால் குருவியை நினைத்துக்கொண்டால் போதும். பார்க்கின்சன் நோயில் அந்தப் பிளவு மறைந்துவிடுகிறது. 2014ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார்கள். நுட்பமான அடையாளம், பழகிய கண்ணுக்கே புலப்படும். நோயாளி சற்றுத் தலையை அசைத்தாலும் கெட்டுவிடும். நடுங்குகிறவரை அசையாமல் இருக்கச் சொல்வதன் சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மூளையின் நீரறைகள் விரிந்து, கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டவை போலத் தேய்த்து நடக்கும் முதியவர்களும் உண்டு. கொலம்பியா நாட்டு மருத்துவர் ஹக்கீம் 1965இல் ஆடம்ஸ் என்பவரோடு சேர்ந்து அந்நோயை உலகுக்கு எடுத்துரைத்தார். தக்க நோயாளிக்கு அந்நீரை ஒரு குழாய்வழியே வடித்துவிட்டால் நடை திரும்பும். படம் பார்க்காமல் முதுமை என்று விட்டுவிட்டால் திரும்பாது.

இவையெல்லாம் பெரியவர்களின் நோய்கள், எங்களுக்கு என்ன என்று உங்களுள் ஒருவர் வானொலியை நிறுத்தக் கை நீட்டுவது எனக்குத் தெரிகிறது. இன்னும் சில நிமிடம் பொறுங்கள். நான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் என் நடுக்கமும் அன்று. என் நண்பரின் நடுக்கமும் அன்று. பல ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன்.

எட்டாம் வகுப்பில் அவன் எழுத்து முத்துக்கோத்தாற்போல இருக்கும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அவன் விடைத்தாளைப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் தாவின. வகுப்பில் அளவுகோல் கைநழுவி விழும். பேச்சுக் குழறிற்று. கேட்டால் சிரிப்பான், அந்தச் சிரிப்பு நின்றபின்னும் வாய் சற்றே திறந்திருக்கும். அலட்சியம் என்றார் ஒரு ஆசிரியர். கெட்ட சேர்க்கை என்றார் மற்றொருவர். நான் அவன் தந்தையை வரவழைத்து, அவர் முன்னிலையிலேயே கண்டித்தேன். பாடநூலின் ஒரு பக்கத்தை இருபது முறை எழுதி வரும்படி தண்டனை கொடுத்தேன். எழுதி வந்தான். மணிக்கட்டு உட்புறமாக முறுக்கிக்கொள்ள, இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு எழுதினான் என்று பின்னால் அவன் தாயார் சொல்லக் கேட்டேன். சிவப்பு மையால் அடித்துவிடுகிற ஆசிரியரைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அன்று அந்த ஆசிரியன் நான்.

நரம்புத் தளர்ச்சிக்கு என்று ஒரு மருந்தும், மனக்கவலைக்கு என்று ஒரு மருந்தும் கொடுத்துச் சில மாதங்கள் போயின. கடைசியில் ஒரு மருத்துவர் அவன் கண்ணை உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில், பழைய பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பைப் போலப் பழுப்பும் பச்சையுமான ஒரு வளையம் இருந்தது. அது செம்பு. நாம் உண்ணும் உணவில் உள்ள செம்பில் மிஞ்சியதைக் கல்லீரல் வெளியேற்றிவிட வேண்டும். பிறவியிலேயே அத்திறன் குறைந்தவர்களுக்குச் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. 1912இல் இலண்டனில் வில்சன் என்பவர் விரித்துரைத்ததால் வில்சன் நோய் என்பர். பெரும்பாலும் சிறுவயதிலும் இளவயதிலும் தலைகாட்டும் நோய் இது. உங்கள் வயதில்தான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நடுமூளையைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் படத்தில், வெளுத்துப்போன பகுதிக்கு நடுவே இரண்டு கருங்கண்கள். மேலே இரண்டு காதுகள். கீழே ஒரு வாய். சீன நாட்டுப் பாண்டாக் கரடியின் முகம் அப்படியே இருந்தது. அந்தக் கண்கள் நடுமூளையின் செங்கரு என்னும் பகுதிகள். காதுகளாகத் தெரிந்தது, நாம் முன்பு பார்த்த அதே கரும்பொருளின் ஓரப்பகுதி. இந்நோயாளிகள் எல்லாருக்கும் இம்முகம் தோன்றுவதில்லை. தோன்றினால் வலுவான சான்று. இரத்தமும் சிறுநீரும் சோதித்து நோயை உறுதிசெய்தார்கள். 1956இல் வால்ஷ் என்னும் மருத்துவர் கண்டறிந்த பெனிசிலமைன் மருந்து செம்பைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. துத்தநாக மருந்து செம்பைக் குடலிலேயே தடுக்கிறது. உரிய காலத்தில் தொடங்கி வாழ்நாள் முழுதும் உட்கொண்டால் நன்றாக வாழலாம். காலம் கடந்தால் கல்லீரலும் மூளையும் மீளமுடியாமல் கெடும். நான் இம்போசிஷன் கொடுத்த மாதங்கள் அந்தக் காலக்கணக்கில் சேர்ந்தவை.

அவன் தந்தை அந்தப் படத்தையும் மருத்துவச் சான்றையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பொதுத்தேர்வில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதற்கு இசைவு வேண்டி விண்ணப்பம் அனுப்ப வேண்டும்; தலைமையாசிரியர் கையொப்பம் வேண்டும். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. படத்தை ஒளிக்கு நேரே பிடித்து, “இதோ பாருங்கள் ஐயா, கரடி முகம் தெரிகிறது” என்று காட்டினார். என் கை அன்று வழக்கத்தைவிட மிகுதியாக நடுங்கியது. கையொப்பம் என்னுடையதுதானா என்று அலுவலகத்திலிருந்து திருப்பிக் கேட்டார்கள்.

பெற்றோர் இருவரும் நோயின்றி இருந்தாலும், இருவரிடமும் குறையுள்ள மரபணு ஒன்று ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இந்நோய் வரும். அதனால் ஏழாம் வகுப்பில் இருந்த அவன் தங்கையையும் சோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. கையில் நடுக்கமில்லை, பேச்சில் குழறலில்லை, ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவள். அப்போதே மருந்து தொடங்கினார்கள்.

இரண்டாண்டு கழித்து அவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் நேரம் வந்தது. நான் பழைய விண்ணப்பத்தாளை எடுத்து வைத்திருந்தேன். “ஆள் வேண்டாம் ஐயா, கூடுதல் நேரம் மட்டும் கேட்டு வாங்கிக் கொடுங்கள், நானே எழுதுகிறேன்” என்றான். பேச்சில் சிறு இழுப்பு மட்டும் எஞ்சியிருந்தது. எழுத்து முன்போல் முத்தாக இல்லை. ஆனால் படிக்க முடிந்தது. தங்கை அவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதால், நாள்தோறும் மூன்றாம் பாடவேளை முடிந்ததும் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் போய்வருவாள். அவள் போகும் வழி என் அறைச் சன்னலுக்கு நேரே இருந்தது.